"சமாரியன்" என்ற சொல் அன்று எப்படிக் கேட்டது?

ஊர் உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

வீதியில் அடிபட்டுக் கிடந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவரை "நல்ல சமாரியன்" என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். இன்று அது ஒரு பாராட்டு. ஆனால் அந்தக் கதையை முதலில் கேட்டவர்களுக்குச் சமாரியன் என்ற பெயரே கசந்தது.

கதை லூக்கா சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அயலவரை நேசிக்க வேண்டும் என்றால் அந்த அயலவர் யார் என்று ஒரு யூத மார்க்க அறிஞர் இயேசுவிடம் கேட்கிறார். நாங்கள் ஈஸா (அலை) என்று சொல்லும் அவர், பதிலாக ஒரு கதை சொல்கிறார்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறக்குறைய 27 கிலோமீற்றர். அதற்குள் பாதை சுமார் 1000 மீற்றர் கீழே இறங்குகிறது. பாறையும் வனாந்தரமுமான அந்த வழியில் ஒருவரைக் கள்வர்கள் அடித்துப் போட்டுவிட்டார்கள். ஓர் ஆசாரியர் வருகிறார், விலகிப் போகிறார். ஒரு லேவியரும் அப்படியே போகிறார். ஆசாரியர், லேவியர், இஸ்ரவேலர் என்று மூன்றாகச் சொல்வது யூதர்களின் வழக்கம். ஆகவே மூன்றாவதாக எங்களைப் போல ஒரு சாதாரண யூதர் வருவார் என்று கேட்டிருந்தவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். வந்தது ஒரு சமாரியன்!

இரு சமூகமும் தவ்ராத்தை ஏற்றவை. ஆனால் யூதர்களுக்கு எருசலேம் புனிதம், சமாரியர்களுக்குக் கெரிசிம் மலை புனிதம். கெரிசிமில் இருந்த ஆலயத்தை கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூத ஆட்சியாளர் யோவான் ஹிர்கானு அழித்தார். கி.பி. 6க்கும் 9க்கும் இடையில், பஸ்கா பண்டிகை நேரத்தில், சமாரியர்கள் எருசலேம் ஆலயத்துக்குள் மனித எலும்புகளை வீசினார்கள் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். கதைக்கு முந்திய அதிகாரத்திலேயே ஒரு சமாரியக் கிராமம் இயேசுவுக்கு இடம் கொடுக்க மறுக்கிறது. அந்தக் கிராமத்தை வானத்திலிருந்து வரும் நெருப்பால் எரிக்கட்டுமா என்று அவருடைய சீடர்கள் இருவர் கேட்கிறார்கள்.

இரண்டு பக்கமும் காயம் இருந்தது. அந்தப் பகையின் நடுவில்தான் ஒரு சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் ஊற்றிக் காயம் கட்டுகிறான். தன் வாகன மிருகத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்க்கிறான். கூலியாளின் இரண்டு நாள் சம்பளமான இரண்டு தெனாரியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். இவர்களில் யார் அயலவராக நடந்தார் என்று கேட்டபோது, அறிஞர் "சமாரியன்" என்று சொல்லவில்லை. இரக்கம் காட்டியவர் என்று மட்டும் சொன்னார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யூதர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று காட்டவே இந்தக் கதை என்று சிலர் விளக்குகிறார்கள். அது பிழை. கதையைச் சொன்னவரும் கேட்டவர்களும் யூதர்கள். இது ஒரு சமூகம் தன்னைத்தானே கேட்ட கேள்வி. அதை இன்னொரு சமூகத்தை ஏசுவதற்குப் பாவித்தால் கதையைத் தலைகீழாக்கி விடுகிறோம்.

இனி இந்தக் கதையைக் கேட்கும்போது, எந்தச் சமூகத்தின் பெயரைச் சொல்ல உங்கள் வாய் தயங்குகிறதோ, அந்தப் பெயரைச் சமாரியன் இருந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அடிபட்டுக் கிடப்பவர் நீங்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அன்று அவர்கள் கேட்ட கதை அதுதான்.