பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, "நீ ஏதாவது எழுது, ஆனால் உன் வேலையைப் பற்றிய டெக்னிக்கல் கட்டுரை மட்டும் வேண்டாம்" என்றார்கள். நான் செய்வது கழிவுநீர் சுத்திகரிப்பு. ரீ-யூனியன் சாப்பாட்டு நேரத்தில் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆகவே பட்டங்களைப் பற்றி எழுதுகிறேன். கல்லூரி கொடுத்த பட்டம் அல்ல. சங்கங்கள் கொடுக்கும் பட்டம்.

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். சில வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு கடிதம் வந்தது. பெரிய பெயருடைய ஏதோ ஒரு சங்கம். சுற்றுச்சூழலுக்கு நான் ஆற்றிவரும் சேவையைப் பாராட்டி என்னைக் கௌரவ ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். விழா ஒரு ஓட்டலில். சால்வை, கேடயம், சான்றிதழ் எல்லாவற்றுக்கும் சேர்த்து "நிர்வாகச் செலவு" என்று ஒரு தொகை. நான் என்ன சேவை செய்தேன்? மாதச் சம்பளத்துக்குப் பிளாண்ட் ஓட்டினேன், அவ்வளவுதான். இருந்தாலும் பணத்தைக் கட்டினேன். போட்டோ எடுத்துக்கொண்டேன். விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்துப் போட்டுக்கொண்டேன். நம் செட்டில் சிலர் வாழ்த்தும் சொன்னீர்கள். இப்போது அந்தக் கேடயம் பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கிறது. என்னைத் தேர்ந்தெடுத்தது யார், எந்தக் கூட்டத்தில், யார் முன்மொழிந்து என்று ஒரு நாள் மனைவி கேட்டாள். பதில் இல்லை. அந்தக் கேள்விதான் என்னைப் பழைய புத்தகங்களைப் புரட்ட வைத்தது.

பொறியாளர் சங்கங்களில் மூத்தவற்றில் ஒன்று, லண்டனில் 1818 ஜனவரியில் ஒரு காபிக் கடையில் கூடித் தொடங்கப்பட்ட சிவில் இன்ஜினீயர்கள் சங்கம். தொடங்கியவர்கள் எல்லாம் நம் வயதுக்காரர்கள், அதற்கும் கீழே. ஊர் மதிக்கவில்லை. 1820-ல் தாமஸ் டெல்ஃபோர்டைத் தலைவராக உட்கார வைத்த பிறகுதான் சங்கத்துக்கு மரியாதை வந்தது. ஆக, பெரியவர் ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்துச் சங்கம் தானும் பெருமை தேடிக்கொள்வது இன்று நேற்றுப் பழக்கம் அல்ல. 1828-ல் அவர்களுக்கு அரசப் பட்டயம் கிடைத்தது. அதில் பொறியியலுக்குக் கொடுத்த இலக்கணம், இயற்கையின் பெரும் சக்திகளை மனிதனின் வசதிக்காகத் திருப்பிவிடும் கலை என்ற பொருளில் அமைந்தது. இயற்கைக்கு நாம் ஏதாவது பட்டிருக்கிறோமா என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. அது வந்து சேர இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

ராயல் சொசைட்டி கதை இன்னும் சுவாரசியம். அதன் ஃபெல்லோவான முதல் இந்தியர் யார் என்று கேட்டால் பலரும் ராமானுஜன் என்பார்கள். இல்லை. 1841-ல் பம்பாய்க் கப்பல் கட்டும் குடும்பத்து அர்தசீர் கர்சேத்ஜி வாடியா, அதாவது நம் ஜாதி, இன்ஜினீயர். நீராவிக் கப்பல் வேலையோடு பம்பாயில் எரிவாயு விளக்கு ஏற்றிக் காட்டியவர். அப்போது தேர்வு முறை தளர்வாக இருந்தது. விஞ்ஞானமே தெரியாத பிரபுக்களும் நிறையப் பேர் உள்ளே இருந்தார்கள். 1847-ல் விதியை மாற்றினார்கள். வருடத்துக்கு 15 பேர்தான், ஒரே நாளில்தான் தேர்தல், பெயர்களைக் குழு சலித்துத் தர வேண்டும் என்றார்கள். கதவைக் குறுக்கியதால்தான் அந்த மூன்று எழுத்துக்கு மதிப்பு. வாடியாவுக்குப் பிறகு அடுத்த இந்தியர் உள்ளே போக 77 வருடம் ஆயிற்று. 1918-ல் போனவர்தான் ராமானுஜன்.

ராமானுஜன் பெயரை இழுத்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் கதை நம் பக்கம் வழியாகத்தான் போகிறது. 1910-ல் வேலையில்லாத ராமானுஜன் நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயர். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தை ஆரம்பித்தவர். கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் பார்த்த ஐயர், இந்த மூளையைத் தாலுகா ஆபீசில் போட்டு மூட எனக்கு மனம் வரவில்லை என்று, வேலை கொடுக்காமல் சென்னைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பினார். எட்டு வருடம் கழித்து எஃப்.ஆர்.எஸ். யோசித்துப் பாருங்கள்: முன்மொழிவது என்றால் இதுதான். எதிரில் நிற்பவரின் வேலையை உட்கார்ந்து படித்துவிட்டு, தன் பெயரை அடகு வைத்து ஒரு கடிதம் எழுதுவது.

கௌரவ ஃபெல்லோ என்பது இதிலிருந்து கொஞ்சம் விலகிய சமாச்சாரம். சாதாரண ஃபெல்லோவுக்கு நாமே விண்ணப்பிக்கலாம். படிப்பு, அனுபவம், வகித்த பொறுப்பு, ஏற்கெனவே உறுப்பினர்களாக இருப்பவர்களின் சிபாரிசு, கட்டணம் என்று வரிசையாக இருக்கும். 1920-ல் சென்னையில் பதிவாகி, 1921-ல் கல்கத்தாவில் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு தொடங்கிவைத்து, 1935-ல் அரசப் பட்டயம் பெற்ற நம் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினீயர்ஸில் எஃப்.ஐ.இ. ஆவது இந்த வழியில்தான். கௌரவம் மட்டும் விண்ணப்பித்து வாங்குவது அல்ல. ஒழுங்கான சங்கத்தில் வேறொருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், தனிக் குழு சலிக்க வேண்டும், கவுன்சில் ஓட்டுப் போட வேண்டும். பெரும்பாலும் அந்த ஆளுக்குக் கடைசி வரை விஷயமே தெரியாது. இன்ன காரியத்துக்காகத் தருகிறோம் என்று ஒரு பாராட்டுரை எழுதிச் சங்கத்தின் பதிவேட்டில் வைக்க வேண்டும். முக்கியமாக, வாங்குபவர் பைசா கொடுக்கக்கூடாது. இதை வைத்து என் கேடயத்தை நானே பரீட்சை செய்தேன். எல்லாப் பேப்பரிலும் அரியர்!

நான் மட்டும் ஏமாளி இல்லை என்பதில் ஓர் அற்ப ஆறுதல். 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அரங்கத்தையே வாடகைக்கு எடுத்து ஓர் அமைப்பு சினிமாக்காரர்கள் உட்படப் பலருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பல்கலைக்கழகத்துக்கு அதில் சம்பந்தமே இல்லை, போலீசில் புகார் கொடுத்தார்கள்.

இந்த கௌரவ வழியே எதற்கு என்று கேட்கலாம். பட்டம் படிக்காதவர்கள் செய்யும் வேலைக்காகத்தான். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலை நாம் விளக்கேந்திய சீமாட்டியாக மட்டும் பாடத்தில் படித்தோம். அந்த அம்மாள் புள்ளிவிவரக்காரர். 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர். 1874-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் கௌரவ உறுப்பினராக ஏற்றது. இந்தியாவுக்கு ஒரு முறைகூட வராமல், இங்குள்ள பட்டாளக் குடியிருப்புகளின் குடிதண்ணீரையும் சாக்கடையையும் பற்றிக் கட்டுக்கட்டாக விவரம் சேகரித்தவர். சென்னை மாகாணத்தின் 1876-78 பஞ்சத்தின்போது, பாசனத்துக்குச் செலவு செய் என்று சர் ஆர்தர் காட்டனுக்குத் துணையாக வாதாடியவர். சுற்றுச்சூழல் என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அந்தச் சேவை நடந்துவிட்டது.

நம் நாட்டில் இதற்குச் சரியான உதாரணம் சலீம் அலி. பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியல் வேலை கிடைக்கவில்லை. அதே மனிதர் 1958-ல் தேசிய அறிவியல் கழகத்தின் ஃபெல்லோ. 1967-ல் பிரிட்டிஷ் பறவையியலாளர் சங்கம் தன் தங்கப் பதக்கத்தைக் கொடுத்தது. பிரிட்டிஷார் அல்லாத ஒருவருக்கு அதுவே முதல் முறை. 1976-ல் கெட்டி பரிசாக வந்த 50,000 டாலரைப் பறவைகள் பாதுகாப்புக்கே வைத்துவிட்டார். நம் மா. கிருஷ்ணனுக்கும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 'குளோபல் 500' பட்டியலில் 1995-ல் இடம் கிடைத்தது. மறு வருடம் போய்விட்டார். அந்தப் பட்டியலே 2003-உடன் நின்றுபோனது.

தேர்வு விதி என்று பார்த்தால் வெள்ளைக்காரனிடம் போக வேண்டியதே இல்லை. திண்டிவனத்திலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921 கல்வெட்டுகள். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். வயது 35-க்கு மேல் 70-க்குள். சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் நிற்கக்கூடாது. கடந்த மூன்று வருடத்தில் இருந்தவனும் கூடாது. ஓலையைக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அது பிரம்மதேய ஊர், எல்லோருக்கும் அதில் இடம் கிடையாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் உறவுக்காரன் விதியை இன்றைய சங்கங்களின் விருதுக் குழுக்களுக்கு வைத்தால் எத்தனை குழுவில் கோரம் சேரும்? (இந்த வருடம்தான் எனக்கு 35. வயதில் மட்டும் பாஸ்.)

இனி விஷயத்துக்கு வருகிறேன். மரக்காணம் பக்கம் கழுவேலி உங்களுக்குத் தெரியும். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம், 2024-ல் ராம்சர் தலம், 5,000 ஹெக்டேருக்கு மேல். அதற்குத் தண்ணீர் மேலேயிருந்து ஏரி ஏரியாக இறங்கி வருகிறது. அப்படி ஓர் ஏரியில், திண்டிவனத்துக்குக் கிழக்கே, ஒரு பெரியவர் நீர்க்கட்டி வேலை பார்க்கிறார். எழுபது தாண்டிவிட்டது. கலங்கல் போகும்போது ராத்திரியெல்லாம் கரையில்தான் படுக்கை. மதகை எத்தனை விரற்கடை தூக்கினால் எந்த வயல் நனையும் என்பது அவருக்குப் பாடம். வாய்க்காலை மறித்து மனை போட வந்தவர்களை எதிர்த்துத் தாலுகா ஆபீசுக்கு நடந்தே தேய்ந்தவர். ஒரு சர்வேக்காகப் போன நான், அவர் சொன்ன வெள்ள அளவுகளை என் லெவல் கருவியோடு ஒத்துப் பார்த்தேன். கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

இவரை ஓர் உண்மையான சங்கத்தின் கௌரவ ஃபெல்லோஷிப்புக்கு முன்மொழியப் படிவம் வாங்கி வைத்திருக்கிறேன். கல்வித் தகுதி என்ற கட்டத்தில் மூன்றாம் வகுப்பு என்று எழுதினேன். வெளியிட்ட கட்டுரைகள் என்ற கட்டத்தில் நான்கு நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர் சொன்ன வெள்ள வருடங்களையும் அளவுகளையும் அட்டவணையாக்கி ஒட்டிவிட்டேன். ரகசியம் காக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அவர் கையெழுத்து தேவைப்பட்ட இடம் ஒன்று இருந்ததால் சொல்ல வேண்டியதாயிற்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத வாங்கிக்கினா மதவுக்குப் பலக மாத்திக் குடுப்பாங்களா தம்பி?" என்றார். இல்லை தாத்தா, ஒரு சால்வையும் பேப்பரும்தான் என்றேன். "சரி, பேப்பர எடுத்துக்கினு போயி கேட்டா ஆபீஸ்ல உக்கார வெச்சாவது பேசுவாங்கல்ல" என்று கையெழுத்துப் போட்டார்.

முன்மொழிபவராக நான் போட்டால் செல்லாது. ஒழுங்கான வழியில் வந்த ஃபெல்லோ இருவர் வேண்டும். நம் சீனியர் ஒருவர் ஏரியை நேரில் வந்து பார்த்துவிட்டு முன்மொழியச் சம்மதித்திருக்கிறார். வழிமொழிய இன்னொருவர் தேவை. நம்மில் யாராவது எஃப்.ஐ.இ. இருந்தால், ரீ-யூனியன் அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பார்க்கவும். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். வண்டி என் பொறுப்பு. படிவம் பையில் இருக்கும்.