பதிவேட்டில் ஏறும் பெயர்: அயர்லாந்தின் எல்லையும் ஆசிரியைகளும்

டெர்ரியிலிருந்து லெட்டர்கென்னிக்கு 40 கிலோமீட்டர்கூட இல்லை. டெர்ரி வட அயர்லாந்தில், அதாவது ஐக்கிய முடியரசில் இருக்கிறது. லெட்டர்கென்னி அயர்லாந்துக் குடியரசின் டோனகல் மாவட்டத்தில் இருக்கிறது. வழியில் கடவுச்சீட்டு கேட்கும் காவலர் யாரும் இல்லை. வேகக் கட்டுப்பாட்டுப் பலகையில் மைல் கிலோமீட்டராக மாறுவதை வைத்துத்தான் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் டெர்ரியில் பத்து ஆண்டுகள் பாடம் நடத்திய தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் லெட்டர்கென்னியில் ஒரு வகுப்பை ஏற்க வேண்டுமென்றால், தெற்கின் டீச்சிங் கவுன்சில் வைத்திருக்கும் பதிவேட்டில் அவர் பெயர் ஏற வேண்டும். 2001ஆம் ஆண்டின் சட்டப்படி 2006இல் நிறுவப்பட்ட அமைப்பு அது. 2013 நவம்பர் முதல், பதிவு இல்லாதவருக்கு அரசு நிதியிலிருந்து ஆசிரியர் சம்பளம் கிடையாது என்பது பொது விதி.

சாலையில் அழிந்துபோன எல்லை பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. அயர்லாந்தின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் பெண்கள். ஆகவே ஆசிரியர் பதிவின் வரலாறு என்பது பெரும்பாலும் பெண்களிடம் அரசும் திருச்சபையும் என்னென்ன கேட்டன என்பதன் வரலாறு. படிப்புச் சான்றிதழோடு வேறு சிலவும் அவர்களிடம் கேட்கப்பட்டன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கேட்கப்பட்டது விசுவாசம். 1921இல் தீவு பிரிக்கப்பட்டது. 1922இல் வடக்கின் பல கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்கள் பெல்பாஸ்ட் அரசை ஏற்க மறுத்து அதன் சம்பளத்தைத் தொடவில்லை. டப்ளின் அரசு சில மாதங்கள் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது, அதே ஆண்டின் பிற்பகுதியில் நிறுத்திக்கொண்டது. 1923இல் வட அயர்லாந்து ஓர் உறுதிமொழிச் சட்டம் கொண்டுவந்தது. அரசுப் பணத்தில் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் மன்னருக்கும் வடக்கின் அரசுக்கும் விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. ஆறு வயதுக் குழந்தைக்குக் கூட்டல் சொல்லித்தருவதற்கும் மன்னருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அதே 1922இல் தெற்கில், மார்ச் 17 முதல் தேசியப் பள்ளிகளில் தினமும் ஒரு மணி நேரமாவது ஐரிஷ் மொழி இருக்க வேண்டும் என்ற ஆணை வந்தது. ஐரிஷ் தெரியாத ஆசிரியைகள் கோடை விடுமுறையில் வகுப்புகளுக்குப் போய்ப் படித்தார்கள். ஒரே தீவில் ஒரே பயிற்சி பெற்றவர்கள், ஒரு கோட்டின் இரு பக்கங்களில் இரண்டு வகை ஆசிரியைகள் ஆனார்கள்.

இரண்டாவதாகக் கேட்கப்பட்டது திருமணம். 1934 அக்டோபர் முதல் தெற்கில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. புதிதாகப் பணிக்கு வந்த தேசியப் பள்ளி ஆசிரியை மணம் செய்துகொண்டால் வேலையை விட்டு விலக வேண்டும். ஆசிரியர்களின் சங்கம் எதிர்த்தும் விதி நின்றது. வேலையில்லாத இளைஞர்களுக்கு இடம் வேண்டும், மணமான பெண்ணின் இடம் வீடு என்ற இரண்டு வாதங்களும் அன்று கைகோத்துக்கொண்டன. ஆணுக்கு அப்படி ஒரு விதி இல்லை. சொல்லப்போனால், மணமான ஆணுக்கு உயர்ந்த சம்பள விகிதம் இருந்தது. பெண்ணுக்கும் மணமாகாத ஆணுக்கும் அதைவிடக் குறைவு. திருமணம் ஒருவருக்குச் சம்பள உயர்வு, இன்னொருவருக்குப் பணி நீக்கம்.

அந்த விதி 1958 வரை, ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள் இருந்தது. அது போனதற்குப் பெண்ணுரிமை பற்றிய ஞானோதயம் மட்டும் காரணமல்ல. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதவில்லை. பெண்களைக் குடும்பத்தின் பெயரால் வெளியே அனுப்புவதும், ஆள் பற்றாக்குறை வந்ததும் தேசத்தின் பெயரால் திரும்ப அழைப்பதும் பல நாடுகளின் கதைதான். கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், திருமணத்தைக் காரணம் காட்டி ஆசிரியையை நீக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. எனவே 1944க்கும் 1958க்கும் இடையில் ஒரு ஐரிஷ் பெண்ணின் தொழில், அவள் எந்தக் கரையில் தாலி கட்டிக்கொண்டாள் என்பதைப் பொறுத்திருந்தது. (தாலி நம் வசதிக்காகச் சொல்வது, அவர்களுக்கு மோதிரம்.)

இது தூரத்து ஊர்க் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா. அந்தப் பணியின் விதிகளின்படி ஒரு பெண் அதிகாரி மணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் விலகச் சொல்லலாம். முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார். இன்னொரு தொடர்பும் உண்டு. அயர்லாந்தில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிச் சிறை சென்ற மார்கரெட் கசின்ஸ் 1915இல் கணவரோடு இந்தியா வந்தார். மங்களூரில் தேசியப் பெண்கள் பள்ளியின் முதல் தலைமையாசிரியை ஆனார். 1917இல் அடையாற்றில் இந்தியப் பெண்கள் சங்கம் தொடங்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. மணமான பெண்ணாக அவர் இங்கே ஒரு பள்ளியை நடத்தினார். அவர் பிறந்த மண்ணிலோ, அவருக்கு அடுத்த தலைமுறை தேசியப் பள்ளி ஆசிரியைக்குத் திருமணத்தோடு வகுப்பறை மூடிக்கொண்டது.

மூன்றாவது, மதமும் ஒழுக்கமும். இங்கே ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும்: ஐலீன் ஃபிளின். வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தின் நியூ ராஸ் ஊரில் கன்னியர் நடத்திய பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். மனைவியைப் பிரிந்த ஒருவரோடு வாழ்ந்தார், ஒரு குழந்தையும் பெற்றார். 1982இல் வேலை போயிற்று. அன்று அயர்லாந்தில் மணமுறிவுக்குச் சட்டமே இல்லை. 1995இல்தான் மக்கள் வாக்கெடுப்பில் அது ஏற்கப்பட்டது. அதாவது, அவர் விரும்பியிருந்தாலும் அந்த மனிதரை மணந்திருக்க முடியாது. சட்டம் மூடிவைத்த கதவுக்கு வெளியே நின்றதற்காக அவர் தண்டிக்கப்பட்டார். தீர்ப்பாயத்திலும் நீதிமன்றத்திலும் தோற்றார். 1985இல் உயர் நீதிமன்றமும் பள்ளியின் பக்கமே நின்றது. அவர் பாடம் நடத்தும் திறமை அங்கே கேள்வியாகவே இல்லை. சான்றிதழ் செல்லும், அதை வைத்திருந்த பெண் செல்லமாட்டாள் என்பதுதான் தீர்ப்பின் பொருள்.

வடக்கிலும் இதே நிழல் உண்டு. வேலைவாய்ப்பில் மதப் பாகுபாடு கூடாது என்ற சட்டத்திலிருந்து பள்ளி ஆசிரியர் நியமனத்துக்கு மட்டும் நெடுங்காலம் விலக்கு இருந்தது. 2022இல் இயற்றப்பட்ட சட்டம் 2024இல்தான் நடைமுறைக்கு வந்து அந்த விலக்கை நீக்கியது. கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளில் வேலை கேட்பவரிடம் மதக் கல்விச் சான்றிதழ் கேட்பது வழக்கமாக இருந்தது. அதைப் படிக்காத பெண்ணுக்கு, பதிவேட்டில் பெயர் இருந்தும் பல பள்ளிகளின் கதவு திறக்கவில்லை.

நான்காவது, மொழி. தமிழ் படித்து, தமிழைக் கற்பித்துப் பிழைக்கும் நான் இந்த இடத்தை எளிதாகத் தாண்ட முடியாது. குடியரசின் தொடக்கப் பள்ளி ஆசிரியர் எல்லாப் பாடங்களோடு ஐரிஷ் மொழியையும் கற்பிக்க வேண்டும். வெளியே பயிற்சி பெற்று வருபவருக்கு நிபந்தனையோடு பதிவு தருகிறார்கள். பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் ஐரிஷ் தகுதியை அவர் நிறைவு செய்ய வேண்டும். எழுத்து, கேட்டல், பேச்சு என்று தேர்வுகள் உண்டு. ஐரிஷ் பேசும் பகுதியில் மூன்று வாரம் தங்கிப் படிக்கவும் வேண்டும்.

இந்த நிபந்தனை சட்டத்தின் முன்னும் சோதிக்கப்பட்டது. அனிதா குரூனர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஓவிய ஆசிரியை. டப்ளின் கல்லூரி ஒன்றில் நிரந்தர வேலைக்குத் தேர்வானார். ஐரிஷ் வாய்மொழித் தேர்வில் தேறாததால் நியமனம் மறுக்கப்பட்டது. அவர் வகுப்பு நடந்ததோ ஆங்கிலத்தில். 1989 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், தன் மொழியைக் காக்க ஒரு நாடு இப்படி நிபந்தனை வைக்கலாம், அது அளவோடும் பாகுபாடில்லாமலும் இருக்க வேண்டும் என்றது.

ஆதிக்க மொழியிடம் இழந்த மொழியை ஒரு மக்கள் பள்ளிக்கூடத்தின் வழியே மீட்கப் பார்ப்பதை நான் எப்படி மறுப்பேன்? அந்த நியாயத்தை ஏற்கிறேன். என் கேள்வி வேறு. விலையைக் கொடுப்பவர் யார்? மூன்று வாரம் வீட்டை விட்டுத் தங்கிப் படிப்பது, கைக்குழந்தை உள்ள பெண்ணுக்கும், படுக்கையில் இருக்கும் தாயைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும், வீட்டில் சோறு தயாராக இருக்கும் ஆணுக்கும் ஒன்றல்ல. வடக்கில் ஐரிஷ் பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளிகளில்தான் கற்பிக்கப்பட்டது. ஒரு புராட்டஸ்டண்ட் குடும்பத்துப் பெண்ணுக்கு அது எழுத்திலிருந்து தொடங்க வேண்டிய மொழி. எல்லோருக்கும் ஒரே நிபந்தனை என்று எழுதிவைத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடுவதில்லை. மொழி பொதுச் சொத்து என்றால் அதைக் கற்கும் செலவும் பொதுச் செலவாக வேண்டும். சம்பளத்தோடு விடுப்பு, குழந்தையோடு தங்க இடம், மாலை வகுப்பு. இவற்றைத் தராமல் தேர்வை மட்டும் வைக்கும் அரசு, மொழிப் பற்றின் சுமையைப் பெண்களின் தோளில் ஏற்றிவிடுகிறது. இதை நம் ஊருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்று நிலைமை இன்னும் சிக்கலாகியிருக்கிறது. தொழில் தகுதிகளை நாடுகள் பரஸ்பரம் ஏற்பதற்கான ஐரோப்பிய நெறிமுறை 2021 முதல் ஐக்கிய முடியரசுக்குப் பொருந்தாது. பிரிட்டிஷ் குடிமகளுக்கும் ஐரிஷ் குடிமகளுக்கும் விசா இல்லாமல் அக்கரையில் வாழவும் வேலை செய்யவும் உரிமை இருக்கிறது. ஆனால் வேலை செய்யும் உரிமை வேறு, ஆசிரியை என்று ஏற்கப்படும் உரிமை வேறு. காவல்துறைச் சரிபார்ப்பு, முன்பு வாழ்ந்த நாட்டின் நற்சான்று, பட்டத்தின் பாட விவரம் என்று தாள்கள் சேர வேண்டும். பட்டம் பிறந்த வீட்டுப் பெயரிலும் கடவுச்சீட்டு கணவரின் பெயரிலும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று காட்டத் திருமணச் சான்றிதழ் வேண்டும். தகப்பன் முதலெழுத்திலிருந்து கணவன் முதலெழுத்துக்கு மாறி, ஒவ்வோர் அலுவலகத்திலும் விளக்கம் எழுதிக் கொடுத்த நமக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

பதிவேடே வேண்டாம் என்பதல்ல என் வாதம். பங்குத் தந்தையின் விருப்பப்படி ஆசிரியையை நியமித்து, விருப்பப்படி அனுப்பிய காலம் அயர்லாந்தில் இருந்தது. பொது விதிகளோடு, காரணம் கேட்கவும் மேல்முறையீடு செய்யவும் இடம் தரும் பதிவேடு அதைவிட நல்லது. குழந்தைகளின் பாதுகாப்புக்கும் அது தேவை. விசுவாசம், கன்னிமை, மதம் ஆகியவற்றைக் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாகப் படிவத்திலிருந்து நீங்கின. அவை தாமாக நீங்கவில்லை. வழக்குத் தொடுத்தும் சங்கம் கட்டியும் வேலை இழந்தும் ஆசிரியைகள் அவற்றை நீக்க வைத்தார்கள். படிவத்தைக் கையில் வாங்கும் மாணவிகள் அதை நிரப்புவதற்கு முன் ஒருமுறை வரலாறாகவும் வாசிக்க வேண்டும். இந்தக் கேள்வி கற்பிக்கும் திறனைக் கேட்கிறதா, இல்லை என் வாழ்க்கையைக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது என்றால், அதை யார், எந்த ஆண்டில், எதற்காகச் சேர்த்தார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.