சரமும் அணியும்: எழுத்துத் தொடரைப் பிரித்தலின் சமூக வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

கணினிச் செய்நிரலாக்கத்தில் தொடர்ச்சியாக அமைந்த எழுத்துகளின் கோவை 'சரம்' எனப்படும். அதனை ஒரு பிரிகுறியின் துணைகொண்டு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண்ணிட்டு வரிசையில் வைக்கும்போது அது 'அணி' ஆகின்றது. வாக்காளர் இடாப்பாயினும் நூலகப் பட்டியலாயினும் கணினியிற் கையாளப்படும்போது இச்செயல் இன்றியமையாததாகும். இது தொழினுட்பக் காரியம் மட்டுமே என்பது பொதுவான எண்ணம். ஆயின் எவ்விடத்திற் பிரிப்பது என்பதை எந்திரம் தானாகத் தீர்மானிப்பதில்லை; மனிதர் தீர்மானிக்கின்றனர். அத்தீர்மானத்தை வரலாறே உருவாக்குகின்றது. கல்முனைக் கரையோரத்துத் தமிழ் பேசும் முஸ்லிம்களின் எழுத்து வழக்கை முன்னிறுத்தி இக்கருத்தை விளக்குவதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

பிரித்தற் பிரச்சினை தமிழுக்குப் புதியதன்று. ஏட்டுச்சுவடிகளிற் சொற்களுக்கிடையே வெளி விடப்படுவதில்லை; புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. இலக்கண உரைகள் காட்டும் 'செம்பொன்பதின்றொடி' என்னும் தொடர் யாவரும் அறிந்ததே. 'செம்பொன் பதின் தொடி' எனப் பிரிப்பின் அது பத்துத் தொடி நிறையுள்ள பொன்னாகும். 'செம்பு ஒன்பதின் தொடி' எனப் பிரிப்பின் ஒன்பது தொடி நிறையுள்ள செம்பாகும். எழுத்துகள் மாறவில்லை, பிரிக்கும் இடம் மாறியதும் பொருளும் பெறுமதியும் மாறிவிடுகின்றன. எவ்வாறு பிரிப்பது எனச் சொல்லும் அதிகாரம் ஏட்டிடம் இல்லை. ஏட்டை வாசித்துப் பொருளுரைக்கும் ஆசானிடமே இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் நன்னூல், பகுபத உறுப்புகளைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறாக வகுத்தது. பிரித்தலுக்குரிய நுட்பமான கருவி தமிழிற் பன்னெடுங்காலமாகவே இருந்தது என்பதற்கு இது சான்றாகும். ஆனால் அக்கருவி கற்றோர் சிலரின் உடைமையாகவே இருந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

அச்சியந்திரம் இந்நிலையை மாற்றியது. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சேறிய உரைநடையிற் சொற்களுக்கிடையே வெளியும் நிறுத்தக் குறியீடுகளும் இடம்பெற்றன. இம்மாற்றத்தை அழகுணர்ச்சியின் விளைவாகக் கொள்ளுதல் பொருந்தாது. பாடசாலை மாணவனும் ஆசானின் துணையின்றித் தனித்து வாசிப்பவனும் புதிய வாசகராகத் தோன்றினர். ஆசான் வாயாற் பிரித்துக் காட்டியதைத் தாளில் விடப்பட்ட வெற்றிடம் செய்யத் தொடங்கியது. எனவே வெற்றிடம் என்பது கல்வி பரவலாகியதன் தடமுமாகும். இதனைப் பொருளாதாரத்தின் நேரடிப் பிரதிபலிப்பாகக் குறுக்கிவிடுதல் தவறு. எனினும் வாசகர் மாறாமல் எழுத்தின் அமைப்பு மாறியிருக்காது என்பது தெளிவு.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தொடரும் கரையோரம் 1961வரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, பின்னர் அம்பாறை மாவட்டமாயிற்று. இலங்கையின் பிற பகுதி முஸ்லிம்களைப் போலவே இங்குள்ளோரும் இருவகை எழுத்து மரபுக்கு உரியோர். ஒன்று தமிழ் எழுத்து. மற்றையது தமிழை அறபு வரிவடிவில் எழுதும் அறபுத் தமிழ். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோரின் ஆக்கங்கள் அவ்வடிவில் இலங்கையிலும் தமிழகத்திலும் பயிலப்பட்டன.

இவ்விரு வரிவடிவங்களும் ஒரே பெயரை வெவ்வேறிடத்திற் பிரிக்கின்றன. 'அப்துல் காதர்' என்னும் பெயரை நோக்குக. அறபில் 'அப்து' என்பது அடியான். 'அல்காதிர்' என்பது ஆற்றலுடைய இறைவன். அறபெழுத்தில் வெளி 'அப்து' என்பதன் பின் விழும். 'அல்' என்னும் சுட்டு அடுத்த சொல்லோடு ஒட்டி நிற்கும். தமிழெழுத்து உச்சரிப்பைத் தழுவுவதால் வெளி 'அப்துல்' என்பதன் பின் விழுகின்றது. வெளியைப் பிரிகுறியாகக் கொண்ட செய்நிரல் இதனை 'அப்துல்', 'காதர்' என ஈருறுப்பு அணியாக்கும். முதலுறுப்பு முடிவுபெறாத தொடரின் பாதி. அப்துல் காதர், அப்துல் மஜீத், அப்துல் கரீம் ஆகிய மூவரும் 'அப்துல்' என்னும் ஒரே 'முதற்பெயர்' உடையோராக நிரற்படுத்தப்படுவர். தந்தை பெயரின் தலைப்பெழுத்தை முன்னே இட்டு எழுதும் இம்மக்களிடம் 'குடும்பப் பெயர்' கேட்கும் படிவமும் இத்தகையதே. ஐரோப்பியப் பெயரமைப்பு உலகப் பொதுமையாக வேடம் பூண்டு நிற்கின்றது.

எழுத்து மட்டத்திலும் இதே பிரச்சினை எழுகின்றது. 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அஸ்கி நியமம் 128 இடங்களைக் கொண்டது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் அதில் ஓரிடம் பெற்றது. ஓர் எழுத்துக்கு ஓரிடம் என்னும் எண்ணம் செய்நிரல் மொழிகளில் வேரூன்றியது. 1991இல் வெளிவந்த ஒருங்குறி, இந்திய அரசின் நியமத்தைப் பின்பற்றித் தமிழின் உயிர்மெய்களுக்குத் தனியிடம் வழங்காது, அகரமேறிய மெய்யையும் உயிர்க்குறியையும் வெவ்வேறாக வைத்தது. 'கல்முனை' என்பது நமக்கு நான்கு எழுத்து. பைதன் மொழியில் அதனை உறுப்புறுப்பாகப் பிரித்தால் க, ல, புள்ளி, ம, உகரக் குறி, ன, ஐகாரக் குறி என ஏழு துண்டுகள் கிடைக்கும். தனித்து நில்லாத புள்ளியும் குறிகளும் 'எழுத்துகள்' ஆகிவிடுகின்றன. ஆனால் 2014இல் வெளிவந்த சுவிஃப்ட் மொழியோ குறிகளைத் தத்தம் மெய்யோடு கூட்டி எண்ணுவதால், அதே சொல்லை நான்காகவே பிரிக்கின்றது. எந்திரத்தின் இயல்பே காரணமாயின் இரு விடைகள் தோன்ற இடமில்லை. எதனை எழுத்தெனக் கொள்வது என்பது மனிதர் செய்த தெரிவு என்பது இதனால் உறுதியாகின்றது.

தெரிவு எனில் அதனை மாற்றவும் இயலும். தமிழெழுத்துகளைச் சரியாகப் பிரிக்கும் 'ஓப்பன்-தமிழ்' என்னும் கட்டற்ற மென்பொருள் நூலகம் பலரின் கூட்டுழைப்பால் உருவாகி, எவரும் பயன்படுத்தும் பொதுவுடைமையாக உள்ளது. தற்காலத் தமிழுக்கு 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' (1999) எழுதிய எம். ஏ. நுஃமான் கல்முனைக்குடியைச் சேர்ந்தவர். 1996இற் பல்கலைக்கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இக்கரையோரத்து ஒலுவிலில் இயங்குகின்றது. மொழியியல் அறிவும் கணினியறிவும் இவ்வாறு அருகருகே இருந்தும், ஒன்றையொன்று சந்தியாதிருப்பின் பயனில்லை. இப்பிரதேசத்து மக்களின் பெயர்களையும் சொற்களையும் எவ்விடத்திற் பிரிக்கவேண்டும் என்பதை அவற்றை வழங்கும் மக்களே வரையறுத்தல் வேண்டும். அன்று ஏட்டைப் பிரிக்கும் உரிமை ஆசானிடமிருந்து வாசகனுக்குக் கைமாறியது. இன்று சரத்தைப் பிரிக்கும் உரிமை நியமம் வகுப்போரிடமிருந்து மொழிக்குரிய மக்களிடம் கைமாற வேண்டியுள்ளது. செம்பா, பொன்னா என்னும் பழைய வினா இன்றும் நம்முன் நிற்கின்றது. அதற்கு விடைகூற வேண்டியோர் யார் என்பதே நாம் தீர்க்க வேண்டிய பிரச்சினையாகும்.