கூரை மடங்கும் கார் வாங்கிய கதை

2022ஆம் ஆண்டு வசந்த காலத்தில் மூன்று மாதம் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். பாரிசுக்கு வடக்கே சார்செல் என்ற ஊர். நம் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ருவாசி விமான நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. காலை நாலரைக்கு வேலையில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ரயிலை நம்ப முடியாது. கார் இல்லாமல் பிழைப்பு இல்லை.

அவர் வைத்திருந்த பழைய வண்டி அந்த மார்ச்சில் கண்ணை மூடிவிட்டது. இரண்டு பேர் மட்டும் உட்காரும், கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும் என்று அவருக்குப் பத்து வருட ஆசை. அதற்கென்று மாதாமாதம் கொஞ்சம் சேர்த்தும் வைத்திருந்தார். மகளுக்கு அதில் சம்மதம் இல்லை.

"ரெண்டே சீட்டு. மழை பெய்ஞ்சா ஒழுகும். வாசல்ல நிறுத்தி அழகு பாக்குற வண்டிக்கு என்கிட்ட காசு கேக்காதீங்க. தினமும் வேலைக்குப் போயிட்டு வர்ற வண்டின்னா வாங்குங்க" என்று சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, "மாமா, நீங்க கொஞ்சம் கூட வாங்க. காகிதமெல்லாம் நீங்க பாத்தா நல்லது" என்றார். எனக்கு மோட்டார் வித்தை தெரியாது. முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன். பள்ளியில் படித்தது பிரெஞ்சு. அந்த இரண்டும்தான் என் கைமுதல். போவதற்கு முன் இந்த வகைக் கார்களின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். எந்த வண்டியில் என்ன குறை இருக்கும் என்பதை அந்த வரலாறே சொல்லிக் கொடுத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தச் சிறிய திறந்த கார்களை ஊரறியச் செய்தவர்கள் ஆங்கிலேயர்கள். ஆக்ஸ்போர்டில் மோரிஸ் காரேஜஸ் என்ற விற்பனை நிலையத்தின் மேலாளராக இருந்த செசில் கிம்பர், 1920களில் சாதாரண மோரிஸ் கார்களை எடுத்து, அவற்றின்மேல் அழகான உடல் கட்டி விற்றார். அந்த நிலையத்தின் முதல் எழுத்துகள்தான் எம்.ஜி. 1929இல் அபிங்டன் என்ற சிற்றூருக்குத் தொழிற்சாலை போனது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1945இல், எம்.ஜி. டி.சி. என்ற கார் வந்தது. 1250 சி.சி. எஞ்சின், குச்சிச் சக்கரங்கள், துணிக்கூரை. 1949 வரை 10,000 கார்கள் செய்தார்கள். அவற்றில் சுமார் 2,000 அமெரிக்காவுக்குப் போயின. ஸ்டியரிங் வலது பக்கம்தான், ஆனாலும் அமெரிக்கர்கள் வாங்கினார்கள். போரில் இங்கிலாந்தில் இருந்து திரும்பிய சிப்பாய்கள் கண்ட ஆசை அது. போருக்குப் பின் பிரிட்டனுக்கு டாலர் தேவைப்பட்டது. ஏற்றுமதி செய்யும் ஆலைக்குத்தான் இரும்பு ஒதுக்கீடு தாராளமாகக் கிடைத்தது. ஆகவே இந்தக் கார்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே போனது.

பிறகு 1955இல் எம்.ஜி.ஏ., 1962இல் எம்.ஜி.பி. வந்தன. எம்.ஜி.பி. பதினெட்டு வருடம் ஓடி, மூடிய வகையையும் சேர்த்து ஐந்து லட்சத்தைத் தாண்டியது. 1962இல் வந்த இன்னொன்று டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். இதை என் வயதுக்காரர்களுக்கு எளிதாக விளக்கலாம். நம் தெருக்களில் ஓடிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு நினைவிருக்கிறதா? சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் செய்தது. பானெட்டைத் தூக்கினால் முன்பக்க மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மொத்தமாக முன்னால் சாயும். அது இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. அதன் சேஸிஸைக் குட்டையாக்கி, அதே மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்து கொடுத்ததுதான் ஸ்பிட்ஃபயர். நாம் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த ஹெரால்டுக்கு அங்கே இப்படி ஒரு தம்பி இருந்திருக்கிறான்.

1970களில் இந்த வகைக்குக் கெட்ட காலம் வந்தது. அமெரிக்காவில் பாதுகாப்புச் சட்டங்கள் கடுமையாயின. கார் கவிழ்ந்தால் தாங்கும் கூரை வேண்டும், திறந்த கார்களைத் தடை செய்துவிடுவார்கள் என்ற அச்சம் பரவியது. அந்தத் தடை கடைசிவரை வரவில்லை. ஆனால் அச்சத்திலேயே பலர் புதிய திறந்த கார் வரைவதை நிறுத்தினார்கள். 1975இல் வந்த டிரையம்ப் டி.ஆர்.7 மூடிய கூரையோடுதான் பிறந்தது. எம்.ஜி.பி.க்கு 1974 கடைசியில் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தினார்கள். அதன் ஓட்டமும் கெட்டது, அழகும் போனது. 1980 அக்டோபரில் அபிங்டன் தொழிற்சாலையை மூடினார்கள். இத்தாலியில் ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடரும் ஃபியட் 124 ஸ்பைடரும் மேலும் சில வருடம் தாக்குப்பிடித்தன. இரண்டும் 1966இல் பிறந்த வண்டிகள்.

அந்த இடைவெளியில் நுழைந்தவர்கள் ஜப்பானியர்கள். 1979இல் பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர் மஸ்தா நிறுவனத்தின் கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, நீங்கள் என்ன கார் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, பழைய ஆங்கில வண்டிபோல் எளிய, மலிவான ஒரு திறந்த கார் என்று கரும்பலகையில் வரைந்தே காட்டினாராம். யமமோட்டோவே பின்னர் ஒரு ஸ்பிட்ஃபயரை ஹகோனே மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்துத்தான் மனம் மாறினார் என்றும் சொல்வார்கள். ஹெரால்டின் தம்பி அங்கேயும் போயிருக்கிறான்!

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மஸ்தா எம்.எக்ஸ்.5 வந்தது. அமெரிக்காவில் மியாட்டா என்று பெயர். 1600 சி.சி. எஞ்சின் முன்னால், ஓட்டும் சக்கரம் பின்னால், எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. குதிரையும் வீரனும் ஓருடல் என்று பொருள்படும் 'ஜின்பா இத்தாய்' என்ற சொல்லைத் தலைமைப் பொறியாளர் தொஷிஹிகோ ஹிராய் தம் ஆட்களுக்கு இலக்காக வைத்தார். ஆங்கில வண்டியின் சுகம் இருக்கும். ஆனால் காலையில் சாவி போட்டால் கிளம்பும். இதுதான் வெற்றியின் ரகசியம். 2000ஆம் ஆண்டிலேயே உலகில் மிக அதிகம் விற்ற இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸ் பதிவு செய்தது. 2016இல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது.

தினமும் வேலைக்குப் போக வேண்டும் என்றால் ஆங்கில வண்டிகளும் இத்தாலிய வண்டிகளும் சரிப்படாது, மஸ்தாதான் என்று இந்த வரலாற்றைப் படித்தே முடிவுக்கு வந்தோம். மூன்று தலைமுறை வண்டிகளில் ஆளுக்கு ஒன்றாகப் பார்த்தோம்.

முதலாவது 1991ஆம் ஆண்டுச் சிவப்பு வண்டி. சுவிட்சைப் போட்டால் விளக்குகள் தவளைக்கண் போல் மேலே எழும். மாப்பிள்ளை அதைப் பார்த்ததும் குழந்தையாகிவிட்டார். நான் குனிந்து கதவுக்குக் கீழே, பின்சக்கரத்தை ஒட்டிய இடத்தைப் பார்த்தேன். பெயிண்ட் கொப்பளித்திருந்தது. துணிக்கூரையில் விழும் மழைநீர், இருக்கைக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள குழாய் வழியாக இறங்கி அடியில் வெளியேற வேண்டும். இலையும் தூசும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தங்கி இரும்பை அரிக்கும். குளிர்காலத்தில் பனி உருக அங்கே சாலையில் உப்புத் தூவுகிறார்கள். கடற்கரைச் சாலை வீடுகளின் ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று பார்த்து வளர்ந்த நமக்கு உப்பைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை. பின்கண்ணாடியும் கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். மங்கி, மடிப்பில் விரிந்திருந்தது. காற்றுப்பை கிடையாது. 1997க்கு முந்தைய பெட்ரோல் காருக்கு மாசு வில்லையும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை வண்டி அது. மாப்பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இரண்டாவது 2001ஆம் ஆண்டு வண்டி. விளக்கு எழும்பாது, ஆனால் பின்னால் உண்மைக் கண்ணாடி. மீட்டரில் 92,000 கிலோமீட்டர். பளபளவென்று இருந்தது, விலையும் தோதாக இருந்தது. மாப்பிள்ளை முன்பணம் கொடுக்கப் பர்சை எடுத்துவிட்டார். பிரான்சில் நான்கு வருடத்துக்கு மேற்பட்ட காரை விற்பவர், ஆறு மாதத்துக்கு உட்பட்ட 'கோந்த்ரோல் தெக்னிக்' என்ற பரிசோதனைச் சான்று காட்ட வேண்டும். அது சரியாகவே இருந்தது. நான் மற்றக் காகிதங்களையும் கேட்டேன். ஒரு கவர் நிறைய ரசீதுகள் கொடுத்தார். அதைத் தேதிவாரியாக மேசைமேல் அடுக்கினேன். பழக்கதோஷம். பழைய ரசீது ஒன்று, பிரேக் மாற்றியது. அதில் 1,18,000 கிலோமீட்டர் என்று கையால் எழுதியிருந்தது. வண்டி எண் அதே. ஆறு வருடம் கழித்து 92,000 எப்படி வரும்? "முந்தைய சொந்தக்காரரின் பிழையாக இருக்கும்" என்றார் விற்பவர். இருக்கலாம். அரசாங்கத்தின் 'இஸ்தோவெக்' இணையப் பக்கத்தில் காரின் முன்வரலாற்றை விற்பவரே இலவசமாக எடுத்துத் தரலாம், அதைத் தாருங்கள் என்றேன். நேரமில்லை என்றார். நாங்களும் எங்களுக்கு நேரமில்லை என்று எழுந்துவிட்டோம். மாப்பிள்ளை வழி முழுக்கப் பேசவில்லை. வீட்டு வாசலில்தான், "பத்து வருஷக் காசு மாமா" என்றார்.

மூன்றாவது 2008ஆம் ஆண்டு வண்டி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவருடையது. 1800 சி.சி., 126 குதிரைசக்தி. இதில் துணிக்குப் பதில் கெட்டிக் கூரை. பொத்தானை அழுத்தினால் பன்னிரண்டு விநாடியில் மடிந்து இருக்கைக்குப் பின்னால் படுத்துவிடும், டிக்கி இடத்தைத் தொடாது. தெருவில் நிறுத்துகிறவருக்குத் துணிக்கூரையைக் கத்தியால் கிழிப்பார்களோ என்ற கவலையும் இல்லை.

இந்த மடங்கும் உலோகக் கூரையின் மூலவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பது அன்று அந்த அம்மையாருக்கும் தெரியாது. ழோர்ழ் பொலேன் என்பவர். தொழில் பல் வைத்தியம், ஆசை கார் வரைவது. அவர் கண்டுபிடித்த கூரையைத்தான் 1934இல் பெழோ நிறுவனம் தன் 401, 601 கார்களிலும், அடுத்து 402இலும் 'எக்லிப்ஸ்' என்ற பெயரில் போட்டது. எக்லிப்ஸ் என்றால் கிரகணம். போர்க்காலத்தில் பொலேன் நாஜிகளுக்கு எதிராக ஆங்கிலேயருக்கு உளவு வேலை செய்து பிடிபட்டார். 1942 மார்ச்சில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இதை நான் சொன்னபோது ஆசிரியை கொஞ்ச நேரம் அந்தக் கூரையின்மேல் கை வைத்து நின்றார். பாண்டிச்சேரியிலிருந்து வந்தவர் எங்களுக்குச் சொல்கிறார் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தார்.

அவருடைய கோப்பு என் பழைய அலுவலகக் கோப்பைவிடச் சுத்தம். வருடம் தவறாத ரசீதுகள், கிலோமீட்டர் ஏறுமுகமாகவே இருந்தது. இந்தத் தலைமுறை எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். லட்சம் கிலோமீட்டரில் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வந்து கூரை ஓரத்தில் ஊற்றினோம். இரு பக்கமும் அடியில் ஒழுங்காக வழிந்தது. கார்பெட்டைத் தூக்கித் தடவினால் உலர்ந்திருந்தது. ஒரே குறை, டிக்கி 150 லிட்டர்தான். ஒரு வாரச் சந்தைச் சாமான் அளந்தாற்போல் அடங்கும்.

9,000 யூரோவுக்கு முடிந்தது. மகள் முதல் வாரம் அதில் ஏறவில்லை. "எங்கப்பா நீங்களே சேந்து வாங்கிக் குடுத்துட்டீங்க" என்றாள். பேத்தி அந்த செப்டம்பரில் லீல் நகரத்துக்குப் படிக்கப் போவதாக இருந்தது. பின் இருக்கையில் உட்கார வீட்டில் ஆள் இல்லாமல் போகப்போகிறது என்ற எண்ணம்தான் அவளை உறுத்தியது என்று எனக்குப் பின்னால் புரிந்தது. சீட்டு இரண்டா நாலா என்பது சாக்கு. மாப்பிள்ளை ஒன்றும் வாதாடாமல் தினமும் நாலு மணிக்கு எழுந்து அதில் வேலைக்குப் போய் வந்தார். ஜூனில் ஒரு சாயங்காலம் இருவரும் கூரையை மடக்கிக்கொண்டு உவாஸ் ஆற்றங்கரைப் பக்கம் போய்விட்டு ராத்திரி பத்து மணிக்கு வந்தார்கள். அப்போதும் அங்கே வெளிச்சம் இருக்கும். நானும் பேத்தியும் ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தோம்.

நான் ஊர் திரும்பிய அன்று என் இரண்டு பெட்டிகளும் டிக்கியில் நுழையவில்லை. பெட்டிகள் மகளுடைய ரெனோவில் வந்தன. நான் மாப்பிள்ளையோடு கூரை திறந்த வண்டியில், தலையில் மஃப்ளர் கட்டிக்கொண்டு, ருவாசி வரை வந்தேன்.

வண்டி இன்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இலையுதிர் காலம் முடிந்ததும், நவம்பரில், அந்த இரண்டு வடிகால் குழாயையும் மெல்லிய வயர் விட்டுச் சுத்தம் செய்யும்படி நான் தொலைபேசியில் நினைவூட்டுவேன். இப்போதெல்லாம் நான் கூப்பிடும் முன்பே மகள் முந்திக்கொள்கிறாள்: "பண்ணியாச்சுப்பா."