லெய்கா வேஷம் போட்ட ஃபெட்



பழைய பிலிம் கேமரா வாங்கும் ஆசை இப்போது நம் பிள்ளைகள் பலருக்கு வந்திருக்கிறது. "சார், இது லெய்காவாம், வாங்கலாமா?" என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் படம் அனுப்பிக் கேட்டுவிட்டீர்கள். ஒன்றில் தங்க முலாம், இன்னொன்றில் ஜெர்மன் ராணுவக் கழுகு! தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

லெய்கா ஜெர்மனியில் வெட்ஸ்லர் நகரத்து லைட்ஸ் நிறுவனத்தின் கேமரா. சினிமாவுக்கான 35 மில்லிமீட்டர் பிலிமைச் சின்னக் கேமராவுக்குள் வைத்தவர் அங்கே வேலை பார்த்த ஓஸ்கார் பார்னாக். 1925இல் லைப்சிக் சந்தையில் அது அறிமுகமானது. 1932இல் வந்த இரண்டாம் மாடலில், தூரத்தைக் கணிக்கும் ரேஞ்ச்ஃபைண்டரை லென்ஸோடு இணைத்தார்கள். அதைப் பார்த்துப் பல நாடுகள் நகல் எடுத்தன.

அந்த நகல்களில் முந்திக்கொண்ட ஒன்று பிறந்த இடம்தான் எனக்கு ஆச்சரியம். உக்ரைனின் கார்கிவ் நகரில், அநாதைப் பிள்ளைகள் வாழ்ந்த ஒரு கம்யூன் அது.

முதல் உலகப்போர், உள்நாட்டுப் போர், 1921இன் பஞ்சம் எல்லாம் சேர்ந்து அந்த நாட்டில் லட்சக்கணக்கான குழந்தைகளைத் தெருவில் விட்டிருந்தன. திருடியும் பிச்சை எடுத்தும் ரயிலேறியும் ஊர் ஊராக அலைந்தார்கள். அவர்களைக் கூட்டி வைத்துப் படிப்பும் தொழிலும் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் அந்தோன் மக்கரென்கோ. ரயில் பெட்டிப் பணிமனையில் வர்ணம் பூசியவரின் மகன், பள்ளி ஆசிரியர். 1927இல் தொடங்கிய கார்கிவ் கம்யூனை 1935 வரை அவர் நடத்தினார். படிப்பும் உண்டு, பட்டறையும் உண்டு. முதலில் மரச்சாமான் செய்தார்கள், 1932இல் மின்சாரத் துளைக்கருவி செய்தார்கள், 1934இல் கேமராவையே வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். மயிரிழை பிசகினாலும் படம் மங்கிப்போகிற வேலை அது. நாற்பது பிள்ளைகளை முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார வைக்கவே நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்!

கேமராவின் பெயர் ஃபெட். பெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கி என்ற பெயரின் முதலெழுத்துகள். அநாதைக் குழந்தைகளுக்கான அரசு ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் அவர். 1917இல் சோவியத் ரகசியப் போலீஸைத் தொடங்கி நடத்தியவரும் அவரே. கம்யூனும் அந்தப் போலீஸ் துறையின் ஆதரவில்தான் நடந்தது. இதை மறைத்துவிட்டு மக்கரென்கோவை மட்டும் புகழ எனக்கு மனம் வரவில்லை. 1932-33இல் சுற்றியிருந்த உக்ரைன் கிராமங்களில் அரசின் தானியப் பறிமுதலால் லட்சக்கணக்கானோர் பட்டினியில் செத்தார்கள். அந்தக் காலத்தில்தான் பட்டறைக்குள் இந்தப் பிள்ளைகள் கேமராவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே சரித்திரம்.

1941இல் ஜெர்மன் படை நெருங்கியபோது தொழிற்சாலையைச் சைபீரியாவிலுள்ள பெர்ட்ஸ்குக்குக் கொண்டுபோனார்கள். போருக்குப் பிறகு, மாஸ்கோ அருகே கிராஸ்னோகோர்ஸ்கில் 1948 முதல் இதே அமைப்பில் ஸோர்கி என்ற கேமரா வந்தது. இரண்டும் பெருவாரியாக விற்றன, அதனால்தான் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன.

சோவியத் நாடு கலைந்த பிறகு கெட்டிக்காரர்கள் சிலர் இவற்றின் மேல் தகட்டைச் சுரண்டி, 'லெய்கா' என்று பொறித்து, கழுகும் தங்கமும் ஏற்றி விற்கத் தொடங்கினார்கள். ராணுவ முத்திரையுள்ள அசல் லெய்காக்களும் உண்டு என்பதால் ஏமாறுவது எளிது. தெருப்பிள்ளைகள் செய்த கேமராவுக்கு அவர்கள் நாட்டை ஆக்கிரமித்த படையின் சின்னத்தைக் குத்தி விலை ஏற்றுகிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

கண்டுபிடிக்க வழி உண்டு. லென்ஸைத் திருகிக் கழற்றி, துவாரத்தின் உள்ளே மேல்புறம் பாருங்கள். லென்ஸைத் தொடும் நெம்பின் நுனியில் வட்டமான சின்ன உருளை இருந்தால் லெய்காவாக இருக்கலாம். தட்டையான நாக்கு மாதிரி இருந்தால் ஃபெட் அல்லது ஸோர்கி. முலாமைப் பார்த்து ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

ஃபெட் என்றே விற்றால் தாராளமாக வாங்கலாம். டார்ச் அடித்து லென்ஸில் சிலந்திவலை போலப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள், நம் ஊர் ஈரக்காற்றில் அது சகஜம். பழைய மாடல்களில் பின்கதவு கிடையாது, அடித்தகட்டைக் கழற்றித்தான் பிலிம் போட வேண்டும். ஆகவே ஷட்டர் துணியில் ஓட்டை இருக்கிறதா என்பது ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும். படத்தில் காரணமில்லாமல் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தால் துணி போயிற்று என்று அர்த்தம். இன்னொன்று, ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். கடையில் கையில் வாங்கியதும் அந்தச் சக்கரத்தைத் திருகிப் பார்க்காதீர்கள்.