அரிவாள் செல்லும் நுரையீரலும்: ஒரு நீலகிரிக் கதை

நெல்லியாளம் பக்கம் போயிருக்கீங்களா? பந்தலூர் தாலுக்கா. தேயிலை, மழை, குளிர். டேன்டீ தோட்டங்களில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த நம்ம ஆட்கள். அவங்களுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியிருந்தே அங்கே வாழும் பணியர், குறும்பர்.

இந்த மலைக்கு மருத்துவ வரலாற்றில் ஒரு இடம் உண்டு. நிறைய பேருக்குத் தெரியாது, அதான் எழுதுறேன்.

முதலில் கொஞ்சம் அமெரிக்கா போயிட்டு வந்திடலாம். சிகாகோவில் பல் மருத்துவம் படித்த வால்டர் கிளெமென்ட் நோயல் என்ற கிரெனடா தீவு மாணவரின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்திருந்தன. டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக் 1910-ல் அதை எழுதி வெளியிட்டார். அரிவாள் செல் சோகை உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். படிப்பு முடித்து ஊர் திரும்பிய நோயல் 1916-ல் இறந்துபோனார். காரணம்? நிமோனியா. நோய் ரத்தத்தில், உயிரைக் கொண்டுபோனது நுரையீரல். இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

சரி, நம்ம மலைக்கு வருவோம். ரொம்ப நாள் இது ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே நினைத்திருந்தார்கள். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தில் இதே வளைந்த செல்களைக் கண்டதாக எழுதினார்கள். அதே வருடம் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவில் இந்த நோயின் கதை இப்படித்தான், மலையிலும் தேயிலைத் தோட்டத்திலும், ஆரம்பித்தது.

அப்பா அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோய் இல்லை. மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கூட உண்டு.

நோய் உள்ள பிள்ளைக்குக் குளிர் பட்டாலே வலி கிளம்பலாம். விலா எலும்பு வலித்தால் பிள்ளை ஆழமா மூச்சு இழுக்காது. நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்று போகாது, ஆக்சிஜன் குறையும், இன்னும் நிறைய செல் வளையும், நுரையீரல் ரத்தக்குழாய் அடைக்கும். கூடவே கிருமி சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒரே நாளில் நிலைமை கைமீறிப் போகலாம்.

அப்போ வேரோடு குணமாக்க முடியாதா? முடியும். 1984-ல் அமெரிக்காவில் இருந்து ஒரு செய்தி வந்தது. ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றிய ஒரு சிறுமிக்கு அரிவாள் செல் நோயும் சேர்ந்தே போய்விட்டது! நம்ம வேலூர் சி.எம்.சி.யில் மஜ்ஜை மாற்று 1986-ல் ஆரம்பித்தது.

ஆனா இங்கேயும் நுரையீரல்தான் குறுக்கே வருது. பழைய மஜ்ஜையை அழிக்கத் தரும் மருந்து நுரையீரலையும் புண்ணாக்கலாம். எதிர்ப்பு சக்தி இல்லாத வாரங்களில் தொற்று வரலாம். பிறகு, புது செல்களே நுரையீரலைத் தாக்கவும் செய்யலாம். ஹர்லர் நோய் போன்ற பிறவி வளர்சிதைக் கோளாறுகளுக்கு ஸ்டெம் செல் மாற்று செய்யும் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம், நுரையீரலுக்குள் ரத்தம் கசிவது உட்பட. அதோட, கூடப் பிறந்த ஒருவரின் மஜ்ஜை பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான்.

அதனால பெரும்பாலான பிள்ளைகளைக் காப்பாற்றுவது சின்னச் சின்ன விஷயங்கள். பென்சிலின் தொடர்ந்து கொடுத்தால் நிமோகாக்கஸ் தொற்று வெகுவாகக் குறைகிறது என்று 1986-ல் நிரூபித்தார்கள். ஹைட்ராக்சியூரியா மாத்திரை நெஞ்சுப் பிரச்சினையைப் பாதியாகக் குறைத்ததை 1995-ல், பெரியவர்களிடம், பார்த்தார்கள். பிறகு குழந்தைகளுக்கும் வந்தது. தடுப்பூசி, ஆழமா மூச்சு இழுக்கும் பயிற்சி, இவ்வளவுதான்.

கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை 1990-ல் வந்தது. 1952-லிருந்து எண்ணினால் 38 வருஷம்! ரத்தத்தை எடுத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுத ஆள் வந்த மலைக்கு, பக்கத்திலேயே ஒரு ஆஸ்பத்திரி வர இவ்வளவு காலம். 2047-க்குள் இந்த நோயை ஒழிப்போம் என்று மத்திய அரசு 2023 ஜூலையில் திட்டம் தொடங்கியது. நல்லது, நடக்கட்டும்.

அதுவரைக்கும் ஒண்ணு மட்டும். இந்த நோய் உள்ள பிள்ளை காய்ச்சலோட நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா, "பனிதான், காலையில சரியாயிடும்"னு கம்பளியைப் போர்த்திப் படுக்க வெச்சுடாதீங்க. அந்த ராத்திரியே கிளம்புங்க.