1887-இன் முதலிடம்: ஒரு கழித்தல் கணக்கின் குறை

1887-ஆம் ஆண்டு பேஸ்பாலின் நேஷனல் லீக்கில் மட்டையடிச் சராசரிப் பட்டியலின் தலையில் நிற்க வேண்டியவர் யார்? சிகாகோ அணியின் கேப் ஆன்சன் என்றது அன்றைய கணக்கு. டெட்ராய்ட் அணியின் சாம் தாம்ஸன் என்கின்றன பிற்காலப் பதிவேடுகள். பின்னதே திருத்தமான விடை என்பது பேஸ்பால் வரலாற்று ஆய்வில் வேரூன்றிவிட்ட கருத்து. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

பிணக்குக்குக் காரணம் ஒரே விதி. 1887-இல் பந்துவீச்சாளர் தவறான பந்துகள் ஐந்து வீசினால் மட்டையாளருக்கு முதல் தளம் இலவசமாகக் கிடைத்தது. அந்த ஆண்டு மட்டும் இந்த ‘நடை’யும் ஹிட்டாக எண்ணப்பட்டது, மறு ஆண்டே விதி கைவிடப்பட்டது. பழைய பதிவுகளைச் சீர்செய்ய 1968-இல் கூடிய சிறப்புக் குழு, 1887-இன் நடைகளை ஹிட் கணக்கிலிருந்து நீக்கிவிட்டது.

எண்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஆன்சன் 472 வாய்ப்புகளில் 164 ஹிட் அடித்தார், நடை 60. அவ்வாண்டு முறைப்படி இரு பக்கமும் கூட்டினால் 532-க்கு 224, சராசரி .421. தாம்ஸன் 545-க்கு 203, நடை 32. கூட்டினால் 577-க்கு 235, சராசரி .407. நடைகளைக் கழித்ததும் ஆன்சன் .347-க்கு இறங்க, தாம்ஸன் .372-உடன் முந்துகிறார்.

கழித்தலில் பிழையில்லை, அது பாதியில் நின்றுவிட்டதே குறை. அதே 1887-இல் மட்டையாளரை வெளியேற்ற மூன்று ஸ்ட்ரைக் போதவில்லை, நான்கு வேண்டியிருந்தது. உயரப் பந்து, தாழ்ந்த பந்து என்று கேட்டு வாங்கும் பழைய உரிமையும் அவ்வாண்டே பறிபோனது. தாம்ஸனின் 203 ஹிட்டுகளுக்குள் இவையிரண்டின் விளைவும் அப்படியே இருக்கிறது. ஆகவே .372 என்பது 1887-இன் விதிக்கும் உரியதன்று, 1888-இன் விதிக்கும் உரியதன்று. எந்த ஆண்டிலும் ஆடப்படாத ஓர் ஆட்டத்தின் எண் அது.

நான்காம் ஸ்ட்ரைக்கின் பங்கை நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றலாம். லீக்கின் மொத்தச் சராசரி 1887-இல் .269, மூன்று ஸ்ட்ரைக் திரும்பிய 1888-இல் .239. அன்றைய இன்னொரு லீக்கான அமெரிக்கன் அசோசியேஷனில் டிப் ஓ’நீல், நடைகளை நீக்கிய பிறகும், .435-இலிருந்து .335-க்குச் சரிந்தார். ஒருவரின் சரிவைக் கொண்டு விதியை அளக்க முடியாதுதான், ஆன்சன் .347-இலிருந்து .344-க்கே இறங்கினார். ஆனால் ஒரு லீக் முழுவதும் 30 புள்ளி இறங்கியதைத் தற்செயல் என்று தள்ள என்னால் இயலவில்லை.

ஆன்சன் புதிய விதியைச் சாதகமாக்கிக்கொண்டார் என்பாரும் உண்டு. நடை ஹிட்டாக எண்ணப்படாத 1886-இலேயே அவர் 55 நடை பெற்றிருந்தார். பந்தை விட்டுவைக்கும் பொறுமை அவரிடம் முன்பே இருந்தது. விதி அதற்கு மதிப்பெண் போட்டது, அவ்வளவே.

நடை பந்துவீச்சாளரின் தவறு, மட்டையாளரின் திறமையன்று என்பது இன்னொரு வாதம். அது விதி எப்படி இருந்திருக்க வேண்டும் என்பது பற்றிய பேச்சு. எப்படி இருந்தது என்பதற்கு விடையாகாது. ஆண்டுகளை ஒப்பிட ஒரே அளவுகோல் வேண்டும் என்பார்க்கும் ஒரு கேள்வி: 1893-இல் வீச்சுத் தொலைவு 60 அடி 6 அங்குலமாக நீண்டதே, அடுத்த ஆண்டு ஹ்யூ டஃபி எடுத்த .440-ஐ அதற்காக யாராவது குறைத்து எழுதினார்களா?

அசோசியேஷனில் சிக்கலில்லை, நடைகளை நீக்கியும் ஓ’நீல் 517-க்கு 225 ஹிட்டுடன் முதல்வரே. நேஷனல் லீக்கில் மட்டும், விதியோடு சேர்த்துப் படித்தால், 1887-இன் முதலிடம் ஆன்சனுடையது. தாம்ஸனின் .372 அடிக்குறிப்பில் இருக்கட்டும்.